டூசானுக்குப் போக வேண்டும்

1967 டிசம்பரில், தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸில், ராணி எலிசபெத் ஒரு பெரிய தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். ஐசக் நியூட்டன் தொலைநோக்கி என்று பெயர். இரண்டரை மீட்டர் ஆடி, அதாவது ஒளியைக் குவிக்கும் குழிக் கண்ணாடி. அவ்வளவு செலவு செய்து கட்டியதை அந்த இடத்தில் பன்னிரண்டு வருடம்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. மேகம், ஈரக்காற்று, சுற்றியிருக்கும் ஊர்களின் விளக்கு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து 1979-ல் அதை மூட வைத்தன. கழற்றி, ஆடியையும் புதிதாக மாற்றி, கேனரி தீவுகளில் லா பால்மா மலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். 1984-ல் அங்கே மறுபடி வேலையைத் தொடங்கியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனை விட்டு வறண்ட ஊருக்குப் போக ஆசைப்படுகிறேன் என்று நான் சொன்னால், இங்கே மழை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். மழையோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. நான் கற்ற தொழில் இந்த நாட்டில் சுருங்கிவிட்டது. அது இன்னும் பெரிய அளவில் நடக்கிற இடங்களில் ஒன்று அமெரிக்காவில், அரிசோனாவின் சோனோரன் பாலைவனத்துக்குள் இருக்கிறது. டூசான் என்கிற ஊர். அமெரிக்கா என்றால் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும்தான் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிகிறது. டூசான் என்றதும் "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கண்ணாடி தேய்க்கிறவன். வடக்கு வேல்ஸில், செயின்ட் அசாஃப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டறையில் வேலை. தொலைநோக்கிகளுக்கும் லேசர் கருவிகளுக்கும் வேண்டிய ஆடிகளையும் வில்லைகளையும் தேய்த்து, மெருகேற்றி, சோதித்து அனுப்புவோம். மெருகேற்றும் தட்டின் முகத்தில் பிட்ச் என்கிற தார் போன்ற பிசினை ஊற்றி, கண்ணாடியின் வளைவுக்கு அது படியும்வரை அழுத்தி வைப்போம். பிட்ச் பதமாக இருக்கிறதா என்று இன்றும் நகத்தை அழுத்திப் பார்த்துத்தான் சொல்கிறோம். சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் கரைத்து நடுவே விட்டுத் தேய்க்கும்போது கையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். கொஞ்ச நேரம் தேய்த்தால் பல மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் தேய்த்த சூடு ஆறும்வரை கண்ணாடி தன் உண்மையான வடிவத்தைக் காட்டாது. போரோசிலிகேட் கண்ணாடியில் விரலை வைத்து எடுத்துவிட்டு உடனே சோதனைத் திரையைப் பார்த்தால், விரல் பட்ட இடம் மேடாக எழும்பி நிற்பது தெரியும். ஒரு மனுஷனின் உடம்புச் சூடு அவ்வளவு செய்யும். முதல் முறை அதைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இந்த ஆசைக்கு விதை வாணியம்பாடியில் விழுந்தது. எங்கள் ஊரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதன் ஆடியை பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து உருவாக்கினார்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். நட்சத்திரத்தைவிட அந்தத் தகவல்தான் மனதில் நின்றது. ஆடியை ஒருவர் கையால் தேய்க்க முடியும், அதற்குச் சம்பளம்கூட உண்டு என்பது பள்ளிக்கூடப் பையனுக்குப் பெரிய செய்தி.

பிரிட்டனுக்குப் படிக்க வந்தபோது, ஆடி செய்வதற்கு இதைவிடப் பழைய வீடு கிடையாது என்றுதான் நினைத்தேன். வில்லியம் ஹெர்ஷல் 1781-ல் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டுபிடித்தது தானே தேய்த்த ஆடியால். நியூகாசிலில் கிரப் பார்சன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. ஐசக் நியூட்டன் தொலைநோக்கியைக் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆஸ்திரேலியாவில் உள்ள 3.9 மீட்டர் ஆடியை மெருகேற்றியவர்களும் அவர்கள்தான். கடைசியாக லா பால்மாவில் உள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியைச் செய்து கொடுத்துவிட்டு, 1985-ல் கடையை மூடிவிட்டார்கள். செயின்ட் அசாஃபில் பில்கிங்டன் நிறுவனத்தின் ஒளியியல் ஆலை இருந்தது; அந்தக் கைப்பழக்கம் இன்னும் இந்த ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. ஐரோப்பாவின் 39 மீட்டர் ராட்சதத் தொலைநோக்கிக்கான மாதிரி ஆடித் துண்டுகளை இங்கேதான் மெருகேற்றிப் பார்த்தார்கள். அந்த வேலை முழுதாக இங்கே வந்துவிடும் என்று ஊரே நம்பியது. ஒப்பந்தம் பிரான்சுக்குப் போனது.

சரி, டூசான்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில், கிழக்குப் பக்கம் பார்வையாளர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில், ரிச்சர்ட் எஃப். கேரிஸ் ஆடிக்கூடம் இருக்கிறது. உலகத்தில் ஒரே வார்ப்பாக வார்க்கப்படும் மிகப் பெரிய ஆடிகள், 8.4 மீட்டர் விட்டம், இங்கே பிறக்கின்றன. இதை ஆரம்பித்த ரோஜர் ஏஞ்சல் லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸில் 1941-ல் பிறந்தவர். பில்கிங்டன் கண்ணாடி ஆலையின் சொந்த ஊர் அது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு அமெரிக்கா போய், 1970-களில் அரிசோனாவில் வந்து நிலைத்தார். 1980 வாக்கில் வீட்டுப் பின்கட்டில் சூளை போட்டு, கஸ்டர்ட் வைக்கும் இரண்டு பைரெக்ஸ் கிண்ணங்களை ஒன்றாக உருக்கி ஒட்டிப் பார்த்தாராம். உள்ளே கூடாக இருக்கும் கண்ணாடியை வார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. முடிந்தது. கண்ணாடி ஊரில் பிறந்த ஒரு ஆள் பாலைவனத்துக்குப் போய்த் தன் தொழிலின் போக்கையே மாற்றியிருக்கிறார். அவரைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் டூசான் எனக்கு ஒரு முகவரியாக மாறியது.

அவர்கள் வார்க்கும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அறுகோண வடிவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பீங்கான் இழைக் கட்டைகளை ஒரு வட்டத் தொட்டிக்குள் நிற்க வைக்கிறார்கள். அதன் மேல் ஜப்பானின் ஒஹாரா நிறுவனத்திலிருந்து வந்த போரோசிலிகேட் கண்ணாடிக் கட்டிகளை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, கையால் அடுக்குகிறார்கள். ஏறக்குறைய 18 டன். மூடி வைத்து 1,165 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றும்போது கண்ணாடி உருகிக் கட்டைகளுக்கு இடையே இறங்குகிறது. அந்த நேரத்தில் உலை முழுவதுமே நிமிடத்துக்கு ஐந்து சுற்று வரை சுற்றுகிறது. மோர் கடையும்போது பானையில் நடு பள்ளமாகி ஓரம் ஏறுமே, அதே மாதிரி கண்ணாடி தானாகவே குழிவாகிவிடுகிறது. இல்லாவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும் பல டன் கண்ணாடி இதனால் மிச்சமாகிறது. அப்புறம் சுமார் மூன்று மாதம் மெல்ல மெல்ல ஆற விடுவார்கள். ஆறியதும் கட்டைகளைத் தண்ணீர் பீய்ச்சி உடைத்து எடுத்தால், உள்ளே தேன்கூடு. மேல்முகம் சுமார் மூன்று சென்டிமீட்டர் கனம்தான்.

இந்தத் தேன்கூடு வெறும் எடை குறைக்கும் வித்தை அல்ல. பாலைவனத்து மலைகளில் சூரியன் இறங்கியதும் காற்று மளமளவென்று குளிர்ந்துவிடும். கனமான கண்ணாடி பகல் சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் அதற்கு மேலே உள்ள காற்று நெளிய, நட்சத்திரம் குழம்பித் தெரியும். மெல்லிய சுவர்களோடு கூடாக இருந்தால் உள்ளே காற்றை ஊதி, வெளியே உள்ள குளிருக்கு ஆடியையும் சீக்கிரம் கொண்டுவந்துவிடலாம். எங்கள் பட்டறையில் ஒரு விரல் சூட்டுக்கு நாங்கள் படும் பாட்டை, அவர்கள் ஒரு மலை முழுவதன் அளவில் தீர்த்திருக்கிறார்கள். சிலியில் கட்டப்படும் ஜயன்ட் மெகல்லன் தொலைநோக்கிக்கான ஏழு ஆடிகளும் இங்கேதான் வார்க்கப்பட்டன. முதலாவது 2005-ல், ஏழாவது 2023 அக்டோபரில். மெருகேற்றி முடிக்கும்போது, அத்தனை பெரிய பரப்பிலும் பிழை சுமார் 25 நானோமீட்டருக்குள் நிற்கிறது. அந்த அறையில் நிற்க வேண்டும், அந்தக் குழுவில் ஒருவனாகக் கையை இளஞ்சிவப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறொன்றும் இல்லை.

ஒரு ஜூலை மாதக் கடைசியில் வேலை விஷயமாக டூசான் போகும் வாய்ப்பு கிடைத்தது. கூடத்தைப் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள், அதில் சேர்ந்துகொண்டேன். மேலே படிக்கட்டுகள் இருப்பதால் கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. உலையைவிட என்னை நிற்க வைத்தது மெருகேற்றும் இயந்திரம். எங்கள் தட்டு ஆடியின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் வளைவு பொருந்தாமல் முரண்டு பிடிக்கும். அவர்களுடையது ஒரு மீட்டருக்கு மேல் அகலமான தட்டு. ஆடியின் மேல் நகர நகரக் கணினி அதன் முகத்தையே வளைத்துக்கொடுக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் கையில் பிட்ச் துண்டோடு நின்று நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு டூசான் வேறு மாதிரி இருக்கும். வருடத்துக்கு 280 மில்லிமீட்டர் அளவில் மழை, அதுவும் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று இரண்டு பருவம். அதனால் சோனோரன் பச்சையான பாலைவனம். சகுவாரோ கள்ளி இங்கே மட்டும்தான் காடாக வளரும். முதல் கை முளைக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகலாம். நூற்றைம்பது வருடம்கூட வாழும். அனுமதி இல்லாமல் அதை வெட்டவோ பிடுங்கவோ சட்டம் தடை சொல்கிறது. நான் போனது கோடை மழைக்காலம். அதைப் பருவமழை என்றேதான் அவர்களும் சொல்கிறார்கள். மான்சூன், நம் ஊரிலும் புழங்கும் அதே சொல். மதியம் வரை கண் கூசும் வானம், நாலு மணிக்கு மலைப்பக்கம் கருத்து, ஐந்து மணிக்குப் பேய்மழை. மழை வருவதற்கு முன்னாலேயே கிரியோசோட் புதரின் வாசனை தெருவெல்லாம் பரவிவிடுகிறது. மருந்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு நெடி. டூசானுக்குப் பக்கத்தில் உள்ள கிட் பீக் மலையின் தொலைநோக்கிகளைக் கோடை மழையில் மூடிப் பராமரிப்பு பார்ப்பார்கள் என்பதால் மேலே போய் ராத்திரி பார்க்க முடியவில்லை. காவலூரிலும் வடகிழக்குப் பருவமழையில் இதே கதைதான்.

இந்த ஊரின் இருட்டும் தானாக வந்ததில்லை. டூசானும் அது இருக்கும் மாவட்டமான பீமா கவுண்டியும் 1972-லேயே வெளிவிளக்குகளுக்குச் சட்டம் போட்டு, வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரையைப் பார்க்க வைத்தன. ஒரு நகரம் தன் தெருவிளக்கை வானியலாளர்களுக்காகத் தாழ்த்திக்கொண்டது என்பது எனக்கு மிகப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

ஆனால் அந்த மலை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். கிட் பீக் டொஹோனோ ஓடாம் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1950-களில் அவர்களுடைய பெரியவர்களை அழைத்துப் பல்கலைக்கழகத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டிய பிறகே அவர்கள் மலையைக் குத்தகைக்கு விடச் சம்மதித்தார்கள். பக்கத்தில் தெரியும் பபோகிவரி சிகரம் அவர்களுக்குப் புனிதமானது. 2005-ல் அதே மலையில் இன்னொரு கருவியைக் கட்ட முனைந்தபோது, எங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். வேலை நின்றது, அந்தக் கருவி வேறு மலையடிவாரத்துக்குப் போனது. அவர்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். நான் குடியிருக்கும் வடக்கு வேல்ஸில் 1965-ல் லிவர்பூலின் தண்ணீருக்காக காப்பெல் கெலின் என்ற கிராமத்தை நீருக்குள் மூழ்கடித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லி "ட்ரிவெரினை மறக்காதே" என்று இன்றும் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பாலைவனம் காலி இடம் என்று நான் எப்படிப் பேச முடியும்?

தண்ணீர் இன்னொரு கவலை. கொலராடோ ஆற்று நீரை ஹவாசு ஏரியிலிருந்து ஏற்றி, 540 கிலோமீட்டர் கால்வாயில் டூசான் வரை கொண்டுவருகிறார்கள். (1971-ல் பழைய லண்டன் பாலத்தின் கருங்கற்களை எண் போட்டுக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியது அதே ஏரிக்கரையில்தான்.) 2021-ல் அந்த ஆற்றில் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவித்தபோது அதிகம் வெட்டு வாங்கியது அரிசோனா. வெயிலும் சும்மா இல்லை. 2023-ல் அரிசோனாவின் தலைநகர் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் போனது. அந்த மாவட்டத்தில் மட்டும் அந்த வருடம் வெப்பத்தால் 645 பேர் இறந்தார்கள். டூசான் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் பீனிக்ஸ் அளவு கொதிக்காது என்றாலும், அங்கும் 47 டிகிரி பார்த்திருக்கிறார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கு அது பழகிவிடும். மகளுக்கு எப்படி என்று தெரியவில்லை. என் மனைவி நர்ஸ். அவர் வெயிலைவிட்டுவிட்டுப் புழுதியைப் பற்றிக் கேட்டார். அந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் வேலி ஃபீவர், அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று ஒரு நோய் வரும். அமெரிக்காவில் அந்த நோய் கண்டவர்களில் பெரும்பகுதி அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருப்பவர்கள்தான்.

இதையெல்லாம் தாண்டிப் போகத் தயார் என்றாலும், கதவு எப்படித் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். டூசானில் ஒளியியல் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு ரேதியான் மாதிரி ஆயுத நிறுவனங்களில். அந்த வகை வேலைக்கு அமெரிக்கக் குடிமகனோ பச்சை அட்டைக்காரரோ வேண்டும். என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும் அந்த வாசல் மூடியே இருக்கிறது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் போக விரும்புவது பல்கலைக்கழகத்துக்கு. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி என்கிற வேலை விசாவுக்கான குலுக்கல் கிடையாது என்பதுதான் என் நம்பிக்கையாக இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குப் புதிதாக எச்-1பி கேட்டால் வேலை தருபவர் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. பல்கலைக்கழகத்துக்கும் அது பொருந்தியது. ஆடி தேய்க்கிற ஒருவனுக்காக எந்தத் துறை அவ்வளவு கட்டும்? ஆராய்ச்சியாளர்களுக்கான ஜே-1 விசா ஒரு வழி. அதில் துணைவரும் அனுமதி வாங்கி வேலை செய்யலாம். ஆனால் அது திரும்பிப் போகிறவர்களுக்கான விசா.

நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டை வேண்டும். அதற்கான வரிசையைப் பாஸ்போர்ட்டை வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டை வைத்துப் பார்க்கிறார்கள். வாணியம்பாடியில் பிறந்ததால் நான் இந்திய வரிசை. பத்து வருடத்துக்கும் மேலாக அதில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை திரும்புகிறது. கணவன் மனைவி சேர்ந்து போனால், துணைவர் பிறந்த நாட்டின் வரிசையில் நிற்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக லண்டனுக்கு வந்து சேர்ந்த குடும்பம். இலங்கைக்குத் தனி நெரிசல் கிடையாது. வருடக்கணக்கு எங்கோ போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை எழுதுறதெண்டால் எழுதுங்கோ. ஆனால் அந்த ஊரால எனக்குக் கிடைச்ச நன்மை இது ஒண்டுதான் எண்டு எழுதிப்போடாதேங்கோ" என்றார். எழுதவில்லை.

அவருடைய வேலைதான் இப்போது பெரிய முடிச்சு. பிரிட்டனில் பெரியவர்களுக்கான நர்ஸ், குழந்தைகளுக்கான நர்ஸ் என்று படிப்பையே பிரித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிரசவம், குழந்தை, மனநலம் எல்லாமே ஒரே படிப்பில் இருக்க வேண்டும். பெரியவர்கள் பிரிவில் படித்த இவர் விடுபட்ட பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சி மணி நேரங்களையும் ஈடுகட்டிய பிறகே அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத முடியும். இங்கே வருடத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உரிமை. அங்கே மத்தியச் சட்டம் ஒரு நாள்கூடக் கட்டாயம் ஆக்கவில்லை. உடம்புக்கு ஒன்று வந்தால் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸுக்குள்ளேயே வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் தன் பழைய பல்கலைக்கழகத்துக்கு எழுதி, எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் என்ற பட்டியலை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். நான் கேட்கச் சொல்லவில்லை.

மகள் ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வருடம் எங்கள் கெடு. அதற்கு முன்னால் வேலை அமைந்தால் மூன்று பேரும் போவோம். அமையவில்லை என்றால் அவள் படிப்பை நடுவில் கலைக்க மாட்டோம், அவள் கல்லூரிக்குப் போன பிறகு மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. ஆடிக்கூடத்தில் மெருகேற்றும் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தால் அன்றைக்கே அனுப்பத் தயாராக, நான் முடித்த ஒவ்வொரு ஆடியின் சோதனைப் படங்களையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன்.